ஊர்க்கூட்டத்தில் நானும் உட்காரலாமா?

கேள்வி: விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மகளிர் குழுக்களை ஒருங்கிணைக்கும் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் இருக்கும் ஒரு பெண்ணை அவள் கணவன் அடித்துக்கொண்டே இருக்கிறான். இரண்டு முறை ஊர்க்கூட்டத்தில் பேசினார்கள். முதல் முறை, இனி கை வைக்க மாட்டேன் என்று கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கி அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் முறை 5,000 ரூபாய் தண்டம் போட்டார்கள். அந்தப் பணத்தை அவன் அவளுடைய தோட்டைக் கழற்றி அடகு வைத்துத்தான் கட்டினான். இப்போது மூன்றாவது முறை. "நீயும் வந்து உட்காரும்மா, பொம்பளைங்க தரப்புல ஒரு ஆள் இருந்தா நல்லது" என்று பெரியவர்கள் கூப்பிடுகிறார்கள். என்னோடு வேலை பார்ப்பவர்கள், "அவங்ககிட்ட போகவே போகாதே, நேரா போலீசுக்குப் போ" என்கிறார்கள். ஒன்றிய அளவில் நடந்த பயிற்சியிலோ, ஊர்ப் பெரியவர்களையும் மதத் தலைவர்களையும் சேர்த்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் கோயில் கமிட்டி, ஜமாத், சர்ச் மூன்றுமே உண்டு. இவர்களை வைத்து உண்மையிலேயே ஏதாவது மாறுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கூட்டத்தில் போய் உட்காராதீர்கள். ஆனால் அந்தப் பெரியவர்களை வீடு தேடிப் போய்ப் பாருங்கள். அடி விழுந்த பிறகு பேசி முடித்து வைக்கிற வேலைக்கு அவர்கள் வேண்டாம். அடி விழாமல் தடுக்கிற வேலைக்கு அவர்கள் கட்டாயம் வேண்டும். உங்கள் தோழிகள் சொல்வதும் பயிற்சியில் சொன்னதும் இந்த இடத்தில்தான் ஒத்துப்போகின்றன.

ஏன் உட்காரக் கூடாது? மனைவியைக் கொடுமைப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். நமக்குப் பழக்கமான பழைய 498ஏ தான் 2024 ஜூலையிலிருந்து இந்த எண்ணில் வருகிறது. ஒரு குற்றத்துக்குத் தண்டம் போடவோ அதை மன்னித்துவிடவோ ஊர்க்கூட்டத்துக்கு அதிகாரம் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கில், கட்டப் பஞ்சாயத்துகள் முற்றிலும் சட்டவிரோதமானவை என்று உச்ச நீதிமன்றம் 2011இல் கடுமையாகவே சொன்னது. நாளைக்கு அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால், "மகளிர் குழு அம்மாவையும் வைத்துத்தானே பேசி முடித்தோம்" என்பார்கள். அவர்கள் சொல்லும் தீர்ப்புக்கு உங்கள் பெயர் சாட்சியாகிவிடும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்கள் கடிதத்தில் இருக்கும் அந்தத் தோடு ஒன்றே போதும். ஊர் தண்டம் போட்டது அவனுக்கு, கட்டியது அவள். பணம் கோயில் கணக்கில் வரவானது. அவளுக்கு மிஞ்சியது காதில் ஒரு ஈர்க்குச்சி. கற்பூரச் சத்தியமும் அப்படித்தான். அது அவனைக் கட்டுப்படுத்துவதுபோலத் தெரியும், ஆனால் கட்டுப்பட்டது அவள். அடுத்த அடிக்கு அவள் போலீசுக்குப் போனால், "சாமி முன்னால முடிஞ்சதை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோயிட்டா" என்ற பேச்சு வரும். இந்தப் பேச்சுக்குப் பயந்தே மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்த பெண்களை எங்கள் ஆலோசனை மையத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, பல ஊர்களில் கூட்டத்தில் அவளுக்காக அப்பாவோ அண்ணனோதான் பேசுகிறார். அவள் நாலு பெண்களோடு ஓரமாக நிற்கிறாள். தன் உடம்பில் விழுந்த அடியைப் பற்றி அடுத்தவர் சொல்லக் கேட்டுக்கொண்டு நிற்பது என்ன மாதிரியான நியாயம்?

அதனால் முதல் வேலை அந்தப் பெண்ணிடம்தான். உனக்கு என்ன வேண்டும் என்று தனியாக உட்கார்ந்து கேளுங்கள். பெரும்பாலும், "அடி நிக்கணும், எனக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க வீடு வேணும், அவ்வளவுதான்" என்ற பதில்தான் வரும். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இதைத்தான் தருகிறது. விவாகரத்து கேட்காமலேயே பாதுகாப்பு ஆணை வாங்கலாம். வீடு அவள் பெயரில் இல்லாவிட்டாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம். செலவுக்குப் பணமும், பறித்துக்கொண்ட நகையும் கேட்கலாம். அந்த அடகுச் சீட்டு கிடைத்தால் பத்திரமாக எடுத்து வையுங்கள். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கற்பூரத்துக்கு இல்லாத பலம் இந்தத் தாளுக்கு உண்டு.

இதற்குப் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வேண்டும். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அவள் நேரில் போக முடியாவிட்டால் நீங்களே தகவல் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் எந்த வழக்கும் வராது என்று சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. வக்கீல் செலவுக்கும் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். மகளிர் உதவி எண் 181ஐ எந்த நேரமும் எடுப்பார்கள். அடி விழுந்துகொண்டிருக்கும் நேரமென்றால், இரவோ பகலோ, அவசர உதவிக்கு 112. தங்குவதற்கு இடம் வேண்டுமென்றால் மாவட்டத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையம்.

இன்னொன்று. பெரியவர்களிடம் பேசப்போகும்போது இவள் பெயரை எடுக்கவே வேண்டாம். காலையில் தர்மகர்த்தா வீட்டுத் திண்ணையில் சொன்னது, சாயங்காலம் டீக்கடை வழியாக அவன் காதுக்குப் போய்விடும். அன்றைக்கு ராத்திரி அதற்கான விலையைக் கொடுக்கப்போவது அவள்தான்.

சரி, சட்டம் இவ்வளவு தருகிறதே, அப்புறம் எதற்குப் பெரியவர்கள்? 2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தால் மூன்று நான்கு பேர். அவர்களில் எத்தனை பேர் ஸ்டேஷன் வாசலை மிதித்திருப்பார்கள்? 181 என்ற எண் தெரியாமல் இல்லை. "ஊர் என்ன சொல்லும்" என்பதுதான் தடை. அந்த ஊருக்கு முகம் உண்டு. நாட்டாண்மை, தர்மகர்த்தா, பூசாரி, ஜமாத் தலைவர், ஹஜ்ரத், பாதர், பாஸ்டர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். இந்தப் பத்துப் பேர் வாயிலிருந்து வருவது மாறினால், ஊர் சொல்வதும் மெல்ல மாறும்.

அவர்களிடம் என்ன கேட்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மண்டபம் பிடித்து, ஃபிளெக்ஸ் கட்டி, பாலின சமத்துவம் என்று ஒரு நாள் வகுப்பு எடுத்து, உறுதிமொழியில் கையெழுத்து வாங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அதற்கு மறுநாளே, "பொறுத்துப் போம்மா, அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று அதே பெரியவர் ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் அவரிடம் குறிப்பாகக் கேட்கவில்லை.

நான் முதலில் கேட்கச் சொல்வது பிறந்த வீட்டைப் பற்றி. அடிபட்ட பெண் முதலில் ஓடுவது அம்மா வீட்டுக்குத்தான். அங்கே "கட்டிக் கொடுத்தாச்சு, இனி அதுதான் உன் வீடு" என்று ஒரு வேளைச் சோறு போட்டு அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். பெற்றவர்களுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. வாழாவெட்டியாக மகள் வந்து உட்கார்ந்தால் தெருவில் தலைகாட்ட முடியாது, தங்கைக்கு மாப்பிள்ளை அமையாது என்ற பயம். இந்தப் பயத்தை ஓர் அதிகாரியால் போக்க முடியாது, ஊர்ப் பெரியவரால் முடியும். திருவிழாவுக்கு வரி போடும் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவர் எழுந்து, "நம்ம ஊர்ப் பொண்ணு யாரா இருந்தாலும், அடி தாங்காம வந்தா அவ நம்ம பொண்ணு. அவளை வச்சிருக்கிற வீட்டை யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது" என்று சொல்லட்டும். நூறு நோட்டீஸ் செய்யாததை இது செய்யும்.

இதைச் சொல்ல உங்கள் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. பஞ்சம் தாங்காமல் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை அண்ணி பட்டினி போட்டு விரட்ட, பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த கதை உங்கள் ஊர்க் கிழவிகளுக்கு மனப்பாடமாக இருக்கும். பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்பட்டதால் செத்தவளுக்குத்தான் இன்றைக்குப் பொங்கல் வைக்கிறோம். சீலைக்காரி, பூவாடைக்காரி என்று நம் பக்கம் வீட்டுத் தெய்வமாகக் கும்பிடுகிற பல பெண்கள் இப்படி அநியாயமாகச் செத்தவர்கள்தான். ஒரு பூசாரியிடம் சட்டப் பிரிவுகளைச் சொல்வதைவிட, "சாமி, இன்னொரு நல்லதங்காளுக்கு நம்ம ஊர்ல கோயில் கட்டுற நிலைமை வரக் கூடாது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் அதைத் தன் பாஷையில் எடுத்துக்கொள்வார். ஒரு கொடை விழாவில் அருள்வாக்குக்கு முன்னால் மைக்கில் அவர் சொல்லும் இரண்டு வாக்கியம் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும்.

சர்ச்சிலும் பள்ளிவாசலிலும் பாதை வேறு, ஆனால் கதவு உண்டு. கல்யாணத்தில் எபேசியர் ஐந்தாம் அதிகாரத்தை வாசிக்கிறார்கள். மனைவிகள் கீழ்ப்படிய வேண்டும் என்ற வசனம் ஊருக்கே தெரியும். கணவன் மனைவியைத் தன் சொந்த உடம்பாக நினைத்து அன்புகூர வேண்டும் என்று அதே அதிகாரம் சொல்வது யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதைப் பிரசங்கத்தில் எடுத்துப் பேசுங்கள் என்று பாதரிடம் கேளுங்கள். பாவசங்கீர்த்தனத்தில் வந்ததை அவர் வெளியே சொல்ல முடியாது. ஆனால் திருப்பலி முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது 181ஐயும் சேர்த்து வாசிக்கலாம். பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் பெண்களே பேசிக்கொள்ள இடம் தரலாம். ஜமாத்தில், "உங்களில் சிறந்தவர் தம் மனைவியிடம் சிறந்தவராக நடப்பவரே" என்ற நபிமொழியை அறியாத ஹஜ்ரத் கிடையாது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ உரையில் அதை ஒரு வாரம் எடுத்துப் பேசுங்கள் என்று கேட்டால் மறுக்க மாட்டார். நிக்காஹ் பேசும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் அதையே நேரில் சொல்லவும் சொல்லுங்கள். மேடையில் நீங்கள் வேதம் பேசப் போகாதீர்கள். அது அவர்கள் இடம், அவர்கள் சொன்னால்தான் எடுபடும்.

சொல்லோடு நின்றுவிட்டால் போதாது. மலாவி நாட்டில் டெட்ஸா மாவட்டத்தின் பாரம்பரியத் தலைவி தெரசா கச்சிண்டமோட்டோ குழந்தைத் திருமணத்தை நிறுத்தக் கிளம்பியபோது, தனக்குக் கீழே இருந்த சுமார் ஐம்பது ஊர்த் தலைவர்களிடம் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கினார். அதற்குப் பிறகும் தங்கள் ஊரில் சிறுமிகளுக்குக் கல்யாணம் நடக்க விட்ட நான்கு தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்கினார். அந்தக் கல்யாணங்களை ரத்து செய்துவிட்டு வந்தபோதுதான் மறுபடி சேர்த்துக்கொண்டார். அவர் ரத்து செய்த திருமணங்கள் 850க்கும் மேல், அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பினார்கள். கையெழுத்து எல்லா ஊரிலும் வாங்குகிறார்கள். மீறினால் பதவி போகும் என்பதுதான் அங்கே வேலை செய்தது.

நம் ஊரில் பதவியைப் பறிக்க உங்களால் முடியாது. ஆனால் ஊருக்கு மரியாதை என்று ஒன்று கையில் இருக்கிறது. மனைவியை அடிப்பவன் என்று ஊரறிந்தவனைக் கமிட்டியில் உறுப்பினராகப் போடக் கூடாது, அவனுக்குப் பரிவட்டம் கட்டக் கூடாது என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார்கள். கமிட்டியிலேயே ஒருவர் நெளிவார். அப்போது யாரிடம் அடுத்துப் பேச வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஊர்விலக்கம் மட்டும் கேட்காதீர்கள். விலக்கி வைத்தால் தண்ணீர்க் குழாயடியில் முதலில் அவமானப்படுவது அவன் மனைவியும் பிள்ளைகளும்தான்.

செனகல் நாட்டுக் கதை ஒன்றும் நமக்கு அச்சாகப் பொருந்தும். 1997இல் மலிகுண்டா பம்பாரா என்ற கிராமத்துப் பெண்கள், சிறுமிகளுக்குப் பிறப்புறுப்பைச் சிதைக்கும் வழக்கத்தை இனிக் கைவிடுகிறோம் என்று அறிவித்தார்கள். தெம்பா தியவாரா என்ற இமாம், ஒரே ஊர் நிறுத்தினால் நிலைக்காது, பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள் எல்லாம் சேர்ந்து நிறுத்த வேண்டும் என்றார். அப்புறம் அவரே தன் உறவுக்காரர்களின் ஊர் ஊராக நடந்தார். 1998 பிப்ரவரியில் 13 கிராமங்கள் சேர்ந்து அறிவித்தன. உங்கள் ஊருக்கும் சம்பந்தம் செய்யும் ஊர்கள் நாலைந்து இருக்கும். அடிக்கிறவன் ஊரில் அவன் பங்காளிகளே பெரியவர்களாக இருப்பார்கள், அங்கே உங்கள் பேச்சு எடுபடுவது கஷ்டம். பெண்ணின் சொந்த ஊர்ப் பெரியவருக்கு இதில் அக்கறை அதிகம், அது அவர் ஊர்ப் பிள்ளை. அங்கிருந்து தொடங்கினால் பாதி வேலை சுலபம்.

பேசும்போது பேச்சு குடியில் வந்து நிற்கும். "எல்லாம் டாஸ்மாக்கால வந்த கேடும்மா" என்பார்கள். குடி குடும்பத்தைக் கெடுக்கிறது என்பது உண்மைதான், ஒத்துக்கொள்ளுங்கள். அதோடு ஒன்று கேளுங்கள். குடித்துவிட்டு வருகிறவன் வழியில் ஏட்டையாவை அடிக்கிறானா, கடன் கொடுத்தவரை அடிக்கிறானா? யாரை அடித்தால் கேள்வி வராது என்பது அந்தப் போதையிலும் அவனுக்குத் தெரிகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கிற ஆளாக நீங்கள் இருங்கள் என்று சொல்லுங்கள்.

எந்தப் பெரியவரிடமும் போகவே கூடாத விஷயங்களும் உண்டு. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் யாராவது பாலியல் அத்துமீறல் செய்திருந்தால் ஊரில் பேச ஒன்றுமில்லை. தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே போக்சோ சட்டத்தில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை. இதைப் பெரியவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பலருக்குத் தெரியாது. குழந்தைத் திருமணத்தை நடத்தி வைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. கோயில் பூசாரியும் ஹஜ்ரத்தும் பாஸ்டரும் தாலியோ மோதிரமோ எடுப்பதற்கு முன்னால் பிறப்புச் சான்றிதழ் கேட்க இது நல்ல காரணம். தடுக்க 1098 இருக்கிறது. சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணின் விஷயத்தில் ஊர்க் கமிட்டி பக்கமே தலை வைக்காதீர்கள். அங்கே ஆபத்தே அந்தக் கமிட்டியாக இருக்கலாம். அப்படிப்பட்ட தம்பதிகளுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவும் பாதுகாப்பான தங்குமிடமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது, காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கே நேராகப் போங்கள்.

பொம்பளை தரப்பில் ஒரு ஆள் என்று உங்களைக் கூப்பிட்டார்கள் அல்லவா? ஒரே ஆளாக உட்கார வைத்தால் நீங்கள் தலையாட்டத்தான் முடியும். புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் முன்னின்று முஸ்லிம் பெண்களுக்கென்று தனி ஜமாத்தை உருவாக்கியது, பெண்களின் குடும்ப வழக்கைப் பேசும் ஜமாத்தில் அந்தப் பெண்களுக்கே இடமில்லை என்பதால்தான். உங்களிடம் கூட்டமைப்பு இருக்கிறது. பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது நாலைந்து பேராகப் போங்கள், அதில் ஒருவர் வயதானவராக, ஊரில் யாரும் எதிர்த்துப் பேசாத பாட்டியாக இருக்கட்டும். நாட்டாண்மையின் மனைவியையும் அக்காவையும் முதலில் பார்த்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. கட்டிக்கொடுத்த இடத்தில் மகள் கஷ்டப்படுகிற வீடு கமிட்டிக்காரர்களிலும் உண்டு. அந்த வீட்டுக்காரரைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றவர்களிடம் அவரே பேசுவார். பேசி ஒத்துக்கொண்டதைக் கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. அங்கே பெண்கள் யார் அனுமதியும் கேட்காமல் உட்காரலாம், பதிவேட்டிலும் ஏறும்.

மூன்றாவது கூட்டத்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யோசிப்பீர்கள். முகத்தில் அடித்ததுபோல வேண்டாம். "ஐயா, என்னை மதிச்சுக் கூப்பிட்டீங்க, சந்தோஷம். ஆனா இது போலீஸ், கோர்ட்டு பார்க்க வேண்டிய விஷயம். ரெண்டு தடவை நீங்க பேசியும் அவன் கேக்கலை. இப்ப அந்தப் பொண்ணு சட்டத்துக்குப் போகணும்னு நினைச்சா, போறதுக்கு யாரும் குறுக்க நிக்காம நீங்க பார்த்துக்கிடணும். அந்த உதவி உங்களாலதான் முடியும்" என்று சொல்லுங்கள். ஒத்துக்கொண்டால், அந்த நாட்டாண்மையை வைத்து மேலே சொன்ன வேலைகளைத் தொடங்கலாம். மறுத்துவிட்டு, "ஊரை மீறிப் போனா பாத்துக்க" என்றால், அந்த மிரட்டலைத் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து அந்த வாரமே பாதுகாப்பு அலுவலரைப் பார்த்துவிடுங்கள். உங்கள் பாதுகாப்புக்காக, உங்கள் திட்ட அலுவலரிடமும் எழுத்தில் ஒரு வரி கொடுத்துவிடுங்கள்.